உன் அம்மாவுக்கு நான் வைத்த பத்தியம்

மகனே,

சுகம் விசாரித்துத் தொடங்குகிற வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு நாளாக அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிள்ளை பெற்றதிலிருந்து மருமகள் மல்லிகாவுக்குக் கைவிரல் கணுக்கள் வீங்குவதாகவும், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியவில்லை என்றும், பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். ஆபீசில் உன்னோடு வேலை பார்க்கிறவர் சொன்னாரென்று ஒரு மாதமாக அவள் சாப்பாட்டில் எண்ணெய், நெய், தேங்காய், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாயாம். அதோடு விட்டிருந்தால் ஒரு கார்டில் பதில் போட்டிருப்பேன். ஆனால் கடைசியில், "அம்மாவுக்கு நீங்க கண்டிப்பா பத்தியம் பாத்த மாதிரி நானும் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னை உட்கார விடவில்லை. நீ என்னைப் பார்த்துப் படித்துக்கொண்ட காரியம் அது. அது என்ன காரியம் என்று உனக்குத் தெரியாது. தெரியாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் பலகாரக் கடை வைத்திருந்த காலம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். காராச்சேவு, பக்கோடா, முறுக்கு, மிக்சர் என்று விடியற்காலையில் பற்றவைத்த அடுப்பு விளக்கு வைக்கிற நேரம் வரை எரியும். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கிற சமயத்தில் அணையவே அணையாது. கடலை எண்ணெயோடு வனஸ்பதியைக் கலந்து ஊற்றுவேன். பின்னால் பாமாயில் வந்ததும் அதையும் கலந்தேன். ஒரு நாள் பொரித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி வைத்து, மறுநாள் அதன் மேலேயே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நாலைந்து நாளில் அது கருத்து, தேன் மாதிரி கெட்டியாகி, மாவு போட்டால் நுரை கட்டும். கண் எரியும். இனிமேல் கடைக்கு ஆகாது என்று ஆனதும் அதைக் கீழே கொட்ட மனம் வராமல் டின்னில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். உன் அம்மா பதினாறு வருஷம் அந்த எண்ணெயில்தான் தாளித்தாள், தோசை வார்த்தாள், வற்றல் பொரித்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை வாடை வருகிறது என்று சொன்னாள். வீணாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

அவள் ஆறுமுகநேரிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவள். சாளை மீன் இல்லாமல் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காது. கடல் இல்லாத இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவள் முதலில் விசாரித்துத் தெரிந்துகொண்டது, மீன் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். மைதீன் என்று கடையநல்லூர்க்காரர் ஒருவர், சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் நம் தெருவுக்கு வருவார். மற்றவர்கள் பெரிய மீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உன் அம்மா மட்டும் சாளை எடுத்துவைத்திருக்கிறாரா என்று கேட்பாள். அவரும் அவளுக்கென்று வாழை இலையில் தனியாகப் பொதிந்து கொண்டுவருவார். இதெல்லாம் நீயும் சாப்பிட்டு வளர்ந்ததுதான். இதற்குப் பிறகு நடந்ததை நீ கூட இருந்து பார்க்கவில்லை. நீ பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம்தான் அவளுக்கு நோய் தொடங்கியது.

முதலில் குழாயைத் திருக முடியவில்லை என்றாள். பிறகு துணி பிழிய முடியவில்லை. விரல் கணுக்கள், மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக வீங்கியது. தொட்டால் அங்கே மட்டும் காய்ச்சல் அடிக்கிற மாதிரி சுடும். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் போட்டோம். ஊர் டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட அன்றைக்குக் கேட்கும், மறுநாள் கேட்காது. அப்போதுதான் திருவேங்கடம் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாடி பார்த்தார். தின்ற எண்ணெயெல்லாம் மூட்டுக்குள் இறங்கிக் கெட்டுப்போய் நிற்கிறது, அதுதான் வீக்கம், எண்ணெய்ப் பசை ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று சொல்லி ஒரு சூரணம் கொடுத்தார். எண்ணெய் என்று அவர் சொன்னதும் அந்த டின் என் கண் முன்னால் வந்தது. யார் வாங்கிவந்த எண்ணெய் என்று அவர் கேட்கவில்லை. உன் அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் மறுகேள்வி இல்லாமல் நம்பினேன். நான் செய்த தப்பை நானே சரி பண்ணிவிட வேண்டும் என்ற வெறி அது. அதை அக்கறை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அன்றைக்கே வீட்டில் இருந்த எண்ணெய், நெய், தேங்காய் அத்தனையையும் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன். தாளிக்காத ரசம், அவித்த காய், ஆடை எடுத்த மோர், கஞ்சி. இதுதான் அவளுக்கு மூன்று வேளையும். மீன் கூடாது என்று வைத்தியர் தனியாகச் சொன்னாரா என்பது கூட இப்போது எனக்கு நிச்சயமில்லை. மீனிலும் நெய் மிதக்கிறதே என்று நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன். முதல் மாதம் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் மாதம் முன்னைவிட அதிகமாக வந்தது. அப்போதாவது எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வைத்தியத்தின் மேல் வரவில்லை. இவள் எனக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுகிறாள் என்று அவள் மேல்தான் வந்தது.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், சரக்கு அறைச் சாவியை மறந்துவிட்டு எடுக்க வந்தேன். வாசலிலேயே மீன் குழம்பு வாசம். அடுத்த வீட்டுப் பாப்பா இருந்தாள் அல்லவா, விசைத்தறிக்காரர் வீட்டுக்காரி, அவள்தான் மைதீனிடம் சாளை வாங்கி, தன் வீட்டு நல்லெண்ணெயில் ரெண்டு கரண்டி விட்டுக் குழம்பு வைத்துச் சட்டியோடு கொண்டுவந்திருந்தாள். உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தட்டை மடியில் வைத்திருந்தாள். வலது கை தானாக வாய் வரைக்கும் வராது. இடது கையால் மணிக்கட்டைத் தாங்கித் தூக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாயோ இரண்டு வாயோதான் சாப்பிட்டிருப்பாள். நான் தட்டைப் பிடுங்கினேன். சட்டியையும் எடுத்துப் பின்வாசல் சாக்கடையில் கொட்டினேன். பாப்பா பயந்து நின்றாள். உன் அம்மா அழவில்லை, சத்தமும் போடவில்லை. என்னைப் பார்த்து, "பதினாறு வருசம் கருப்பு எண்ணெயில ஆக்கித் தின்னேன். அப்பல்லாம் நீங்க ஒண்ணும் சொல்லல. இப்ப ஒரு வாய் மீனக் கொட்டுதிய" என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அவளால் செம்பைப் பிடிக்க முடியாது. எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தவளுக்குப் பாப்பாதான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாளாம். பல மாதம் கழித்துப் பாப்பாவே இதை என்னிடம் சொன்னாள்.

மறுநாள் மைதீனை வழிமறித்து, நம் வீட்டுப் பக்கம் நிற்க வேண்டாம் என்று சொன்னேன். "சாளையில என்ன அண்ணாச்சி கெடுதல் இருக்கு? எங்க உம்மா எழுவது வயசுலயும் அதத்தான் திங்கா" என்றார். உம்ம சோலியைப் பாரும் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர் நம் வீட்டுக்கு முன்னால் மணி அடிக்காமல் போவார். சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்கும். உன் அம்மா அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு நீ வந்தாய். அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்று கேட்டாய். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. தோல் வறண்டு செதில் விட்டது, தலைமுடி கொத்தாக வந்தது. சித்திரை வெயிலிலேயே குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டு கிடந்தவள் அவள். வியாதி அப்படி என்று உனக்குப் பதில் சொன்னேன். "அப்பா இவ்வளவு பத்தியம் பாக்காட்டா இன்னும் மோசமா ஆயிருக்கும்மா" என்று நீ அவளிடம் சொன்னாய். ஞாபகம் இருக்கிறதா? அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். மகனுக்கு முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று நினைத்தாளோ, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தாளோ, தெரியவில்லை.

நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிய பத்தாவது நாள் அவளுக்கு முழங்கால் நீட்டவே முடியாமல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா டாக்டர். மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். உன் அம்மாவை நர்சோடு உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன். மல்லிகாவுக்கு வந்திருப்பது அதே நோய்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது எண்ணெய் இறங்கி நிற்கிற வீக்கம் இல்லை என்றார். காயம் பட்டால், கிருமி வந்தால், அதோடு சண்டை போட உடம்பு அந்த இடத்தில் சூடேற்றி வீங்க வைக்கும், அது நல்லதுக்கு. இந்த நோயில் உடம்பு ஆள் தெரியாமல் தன் சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. அணைய வேண்டிய நேரத்தில் அந்தச் சூடு அணைவதில்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்து இந்த அளவுக்கு வராமல் பார்த்திருக்கலாம் என்றார். அப்படியானால் எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டேன். "சம்பந்தம் இருக்கு. ஆனா நீங்க நெனக்கிற மாதிரி இல்ல. எல்லாக் கொழுப்பையும் ஒரே தராசுல போடாதீங்க" என்றார். காய்ச்சிக் காய்ச்சிக் கருத்த எண்ணெயும் வனஸ்பதியும் உடம்பில் அந்தச் சூட்டைத் தூண்டிவிடுவதாகத்தான் தனக்குத் தோன்றுகிறது, தன் வீட்டில் இரண்டையும் சேர்ப்பதில்லை என்றார். மீனில், அதுவும் சாளை மாதிரிக் கொழுப்பு மீனில் இருக்கிற எண்ணெய் வேறு ஜாதி. அது வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். தான் அடித்துச் சொல்ல மாட்டார், நோயையே குணமாக்கும் என்றும் சொல்ல மாட்டார், ஆனால் அதனால் கெடுதல் இல்லை என்றார். "கொழுப்பே இல்லாம ஒரு மனுஷி ஒன்றரை வருஷம் இருந்தா, தின்ன காய்கறியோட சத்துகூட சரியா ஒட்டாது. நோய் ஒரு பக்கம் தின்னுச்சு. பட்டினி ஒரு பக்கம் தின்னிருக்கு." இதுதான் அந்த அம்மா கடைசியாகச் சொன்னது. நான் டின் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். நோய்க்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். இத்தனை வருஷமாக நான் இந்த இரண்டு முடியாதுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறேன்.

வெளியே வந்ததும் உன் அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்றாள். உன் ஹாஸ்டல் அங்கேயிருந்து அரை மைல் கூட இருக்காது. ரிக்ஷா வைத்துப் போயிருக்கலாம். உனக்குப் பரீட்சை நடக்கிறது, படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சொல்லிச் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உனக்குப் பரீட்சை இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை அவள் உன்னிடம் சொல்லிவிடுவாளோ, நீ என்னைக் கேட்பாயோ என்ற பயம்தான். நர்ஸ் வழியாகவோ, என் முகத்தைப் பார்த்தோ அவளுக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. பனவடலிசத்திரம் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அவனப் பாத்துட்டு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அவளை உயிரோடு நீ கடைசியாகப் பார்த்தது அந்தத் தீபாவளிக்குத்தான். அது அப்படி ஆனது என்னால்.

மறுநாள் நானே மைதீனைத் தேடிப் போய்ச் சாளை வாங்கிவந்தேன். புது நல்லெண்ணெய் வாங்கி, பாப்பாவிடம் கேட்டுக் கேட்டு நானே குழம்பு வைத்தேன். சோற்றைப் பிசைந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "வேண்டாங்க. இல்லாமலே பழகிட்டு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் நான் கொடுத்தபோதெல்லாம் வாங்கிக்கொண்டாள். பால், முட்டை என்று எதைக் கொண்டுபோனாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மார்கழியில் சளி பிடித்தது. அது நெஞ்சில் கட்டிக் காய்ச்சலானது. எதிர்த்து நிற்க அவள் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஆறாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். உனக்குத் தந்தி கொடுத்தேன்.

நீ வந்து இறங்கிய அன்றைக்கு உன் பெரிய மாமா எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார், என் தங்கச்சி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாளே, சோறு போட்டீர்களா இல்லையா என்று. நல்லாத்தான் சாப்பிட்டாள், அவளே ஆசையாகப் பத்தியம் இருந்தாள், வியாதிதான் விடவில்லை என்று சொன்னேன். நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு மாமாவைச் சத்தம் போட்டாய். அப்பாவைப் போல யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்றாய். பாப்பா ஒரு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யின் மேல்தான் நீ என்னைப் பற்றி நினைப்பதெல்லாம் நிற்கிறது. இன்றைக்கு உன் வீட்டில் ஒருத்தி தாளிக்காத ரசம் சாப்பிடுவதும் அதனால்தான்.

கடையையும் நான் உடனே மாற்றிவிடவில்லை. அதற்குப் பிறகும் எட்டு மாதம் அதே மாதிரிதான் பொரித்து விற்றேன். ஒரு நாள் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி பக்கோடா கேட்டு நின்றபோது கை ஓடவில்லை. தினமும் புது எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தேன். கட்டுப்படியாகாமல் ஒரு வருஷத்தில் கடையை இன்னொருவருக்கு விட்டுவிட்டேன். வயதாகிவிட்டது, முடியவில்லை என்று உனக்கு எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை.

மல்லிகா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அவள் தட்டிலிருந்து நீ எடுத்ததையெல்லாம் திருப்பி வை. பொரித்த எண்ணெயைத் திரும்ப அடுப்பில் ஏற்றாதே, வனஸ்பதியை வாங்காதே. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, புதிதாக, அளவாக இருந்தால் போதும். அவர்கள் வீட்டில் மீன் உண்டு அல்லவா, அவளுக்குப் பிடித்தால் சாப்பிடட்டும். ஆனால் இதையெல்லாம் மருந்து என்று நினைத்து இன்னொரு பத்தியத்தைத் தொடங்கிவிடாதே. பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுக்கென்று பார்க்கிற டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிப் போ. எனக்குத் தெரியாது என்று சொல்லுகிற டாக்டராக இருந்தால் அவரை நம்பு. அங்கே போனால் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று அவளே சொல்லட்டும், நீ முந்திக்கொண்டு பேசாதே. நான் பேசிப் பேசித்தான் உன் அம்மாவின் வாயை அடைத்தேன்.

இதை வாசித்ததும் கிழித்துப் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றும். கிழிக்காதே. மல்லிகாவிடம் கொடு. அவளே படிக்கட்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தை மாதம் வருகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இத்தனையும் தெரிந்த பிறகு நீ வரச் சொன்னால் வருகிறேன்.

அப்பா